சீனக் கை எப்படி வெறுங்கை ஆனது?

2010-இல் வந்த "கராத்தே கிட்" படத்தைப் பார்த்த பலரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பையன் போவது சீனாவுக்கு. அங்கே ஜாக்கி சான் அவனுக்குச் சொல்லித் தருவது குங்ஃபூ. அப்புறம் எதற்குப் படத்துக்குக் கராத்தே என்று பெயர்? 1984-இல் ஓடிய பழைய படத்தின் பெயரை வியாபாரத்துக்காக ஒட்டிக்கொண்டார்கள் என்பதுதான் பதில். ஆனால் அந்தத் தலைப்பு, எடுத்தவர்களுக்கே தெரியாமல் ஒரு பழைய உண்மைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. கராத்தேயின் பெரும் பகுதி சீனாவுக்குப் போய்க் கற்றுவந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்ததுதான். அந்தச் சொல்லுக்கே ஒரு காலத்தில் "சீனக் கை" என்றுதான் பொருள்.

வெளிநாட்டிலிருந்து சீனாவுக்குப் போய்த் தற்காப்புக் கலை பயில்வது என்றால் இன்று எல்லோருக்கும் ஷாவோலின் மடம்தான் நினைவுக்கு வரும். ஜெட் லீ நடித்த "ஷாவோலின் டெம்பிள்" படம் 1982-இல் வந்து சக்கைப்போடு போட்ட பிறகு கூடிய கூட்டம் அது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே இன்னொரு தடம் இருந்தது. ஒகினாவாவின் நாஹா துறைமுகத்திலிருந்து சீனாவின் ஃபூஜோ நகரத்துக்குப் போகும் கடல் தடம். அதில் போனவர்களை வைத்து யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் தெருவுக்குத் தெரு பலகை மாட்டியிருக்கும் கராத்தே வகுப்புகளில் பாதி அவர்களால்தான் நடக்கிறது!

முதலில் ஒகினாவா பற்றிக் கொஞ்சம். இன்று அது ஜப்பானின் தென்கோடி மாநிலம். முன்பு அது ரியூக்யூ என்ற தனி அரசு. ஜப்பானுக்கும் தைவானுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள். விளைச்சல் அதிகம் கிடையாது. வாழ்ந்தது கப்பல் வணிகத்தால். 1372-இல் ரியூக்யூ மன்னர் சீனாவின் மிங் பேரரசருக்குத் திறை அனுப்பத் தொடங்கினார். திறை என்றவுடன் அடிமைத்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். திறை கொண்டுபோகும் கப்பலுக்குச் சீனாவில் வணிக உரிமை கிடைக்கும், திரும்பும்போது பேரரசர் பரிசுகளும் தருவார். ரியூக்யூவுக்கு அது நல்ல லாபம்! 1392-இல் ஃபூஜியான் பகுதியிலிருந்து சீனக் குடும்பங்கள் வந்து நாஹாவுக்குப் பக்கத்தில் குமே என்ற இடத்தில் குடியேறின. "முப்பத்தாறு குடும்பங்கள்" என்பது வழக்கு. எழுத்து, கப்பல் கட்டுதல், மொழிபெயர்ப்பு எல்லாம் அவர்கள் கையில் இருந்தன.

15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ரியூக்யூ கப்பல்கள் ஃபூஜோவில்தான் இறங்கின. தூரம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். வாடைக் காற்றில் போய், தென்மேற்குக் காற்றில் திரும்ப வேண்டும். நடுவில் உள்ள மாதங்கள் முழுக்க ஃபூஜோவாசம்தான். அவர்கள் தங்குவதற்கென்றே அங்கே ஒரு விடுதி உண்டு. ரியூக்யூ மாளிகை என்று பெயர். அதிகாரிகள், வணிகர்கள், மாலுமிகள், படிக்க வந்த பையன்கள் எனப் பலரும் தங்கிய இடம். அங்கேயே இறந்து அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களும் உண்டு. இப்படி வந்து மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் ஊரில் நடக்கும் சிலம்பக்கூடம் போன்ற இடங்களை எட்டிப் பார்க்காமல் இருந்திருப்பார்களா? ஃபூஜோவைச் சுற்றி வெண்கொக்கு, புலி என்று விலங்குகளின் பெயரால் வழங்கும் அடிமுறைகள் ஏராளம். ஒகினாவாவில் ஏற்கெனவே "டி" (கை என்று பொருள்) என்ற உள்ளூர் அடிமுறை இருந்தது. அதோடு இவை கலந்தன. கலந்ததற்குத் "தோடி" என்று பெயர். தோ என்றால் தாங் பேரரசு, அதாவது சீனா. சீனக் கை!

இந்தத் தடம் 1870-களில் அறுந்தது. ஜப்பான் 1872-இல் ரியூக்யூவைத் தன் ஆட்சிப் பகுதியாக அறிவித்து, 1875-இல் சீனாவுக்குத் திறை அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. 1879-இல் மன்னரை இறக்கிவிட்டு ஒகினாவா மாநிலம் என்று பெயர் மாற்றியது. கோபம் கொண்ட ரியூக்யூ பிரபுக்களும் அறிஞர்களும் சிலர் கள்ளத்தனமாகப் படகேறி ஃபூஜோவுக்குப் போய், "எங்கள் நாட்டை மீட்டுத் தாருங்கள்" என்று சீன அரசிடம் மன்றாடினார்கள். அவர்களில் குமேவைச் சேர்ந்த லின் ஷிகோங் என்பவர் 1880-இல் பெய்ஜிங்கில் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். சீனாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கே ஆயிரம் தொல்லை. 1884-இல் ஃபூஜோவின் கப்பல் படையையே பிரெஞ்சுக்காரர்கள் துறைமுகத்தில் வைத்து மூழ்கடித்தார்கள்.

கராத்தே வரலாற்றின் மிக முக்கியமான இரண்டு பயணங்கள் இந்தக் கொந்தளிப்பான காலத்தில்தான் நடந்தன.

முதலாமவர் ஹிகாவோன்னா கான்ரியோ. 1853-இல் நாஹாவில் பிறந்தவர். அப்பாவுக்குப் படகில் விறகு கொண்டுவந்து விற்கும் தொழில். குடும்பம் வசதியானது அல்ல. இவர் எந்த ஆண்டு ஃபூஜோவுக்குப் போனார் என்பதிலேயே தகராறு. 1860-களின் கடைசியில் என்று ஒரு கணக்கு, 1870-களின் நடுப்பகுதிக்குப் பிறகு என்று இன்னொரு கணக்கு. எதற்குப் போனார் என்பதிலும் அப்படித்தான். கலை கற்கப் போனார் என்று சீடர்களின் மரபு சொல்கிறது. மேலே சொன்ன மன்றாட்டுக் குழுக்களோடு தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். திரும்பி வந்தது 1880-களின் தொடக்கத்தில்.

ஃபூஜோவில் அவருக்கு வாய்த்த ஆசானின் பெயர் "ரூ ரூ கோ". இந்தப் பெயர் ஒரு பெரிய புதிர். ஹிகாவோன்னா எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. காதில் கேட்டபடி வாயால் சொன்னார், சீடர்கள் அதை ஒகினாவா உச்சரிப்பில் பிடித்துக்கொண்டார்கள். சீனத்தில் உச்சரிப்பு மட்டும் போதாது, எந்த எழுத்து என்று தெரிந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். ஜப்பானிய, சீன ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஃபூஜோவில் தேடினார்கள். பலரும் சுட்டிக்காட்டுவது ஷியே சோங்ஷியாங் என்பவரை. கொக்கு அடிமுறையில் ஒரு கிளையை உருவாக்கியவர், 1852-இல் பிறந்து 1930-இல் மறைந்தவர். அவருடைய செல்லப் பெயர் ரூ ரூ. "கோ" என்பது அண்ணன். அதாவது "ரூ ரூ அண்ணே!" நரைத்த தாடி வைத்த குருநாதரைக் கற்பனை செய்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சிதான். ஹிகாவோன்னாவைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவர். அப்படியானால் இவர் எப்படிக் குருவாக இருக்க முடியும் என்று மறுப்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் ஆசான் சொல்லித் தந்தது தொலையவில்லை. "சான்சின்" என்று ஒரு கட்டா. மூன்று போர் என்று பொருள். பார்த்தால் ஒன்றுமே இல்லை. மூன்று அடி முன்னால், திரும்பு, மறுபடி அடி. கால்விரல்கள் உள்நோக்கி, முழங்கைகள் விலாவோடு ஒட்டி, மூச்சு அடிவயிற்றில். உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஆசான் சுற்றி வந்து தோளிலும் தொடையிலும் பட்டென்று அறைந்து பார்ப்பார், எங்காவது தளர்ச்சி இருக்கிறதா என்று. ஆண்டுக்கணக்கில் இது ஒன்றுதான் பாடம். பறந்து பறந்து உதைக்கும் ஆசையில் சேருகிறவன் ஓடிவிடுவான். நாஹாவுக்குத் திரும்பிய ஹிகாவோன்னாவிடமும் அப்படித்தான் ஓடினார்கள். தங்கியவர்கள் சிலர். அதில் ஒருவர் 1902-இல் பதினான்கு வயதில் வந்து சேர்ந்த மியாகி சோஜுன்.

இரண்டாமவர் கதை இன்னும் அழுத்தமானது. உயேச்சி கான்புன், 1877-இல் ஒகினாவாவின் வடக்கே மோத்தோபு பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1897-இல் ஃபூஜோவுக்குப் போனார். ஏன்? கலைமேல் காதல் இருந்திருக்கலாம். ஆனால் பெரிய காரணம் ராணுவம். ஜப்பானின் கட்டாய ராணுவச் சேவை 1898-இல் ஒகினாவாவுக்கும் வருவதாக இருந்தது. தங்கள் அரசையே விழுங்கிய நாட்டுக்காக எதற்குச் சாக வேண்டும் என்று நினைத்த ஒகினாவா இளைஞர்கள் நிறைய. சிலர் தங்கள் விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள், சிலர் கடல் கடந்தார்கள். உயேச்சியின் சொந்த மோத்தோபுவிலேயே 1910-இல் ஆள்சேர்ப்புக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. ஆக, போர்க்கலையின் பெரிய ஆசான் ஒருவர் போருக்குப் போக மறுத்து ஓடியவர். இதைச் சொல்ல அந்தப் பள்ளியினர் வெட்கப்படுவதில்லை, படவும் வேண்டியதில்லை.

ஃபூஜோவில் முதலில் ஒகினாவாக்காரர்கள் நடத்திய ஒரு கூடத்தில்தான் சேர்ந்தாராம். அவருக்குப் பேச்சு கொஞ்சம் தட்டும். அதைக் கேலி செய்ததால் கோபித்துக்கொண்டு வெளியேறினார் என்று மரபு சொல்கிறது. அந்தக் கேலிதான் அவரைச் சீன ஆசானிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆசான் பெயர் சோ சிஹே. ஒகினாவா வாயில் ஷூ ஷிவா. இவரும் இளைஞர்தான். 1874-இல் பிறந்தவர் என்று ஃபூஜியான் ஆய்வாளர்கள் சொல்வது சரியென்றால் மாணவரைவிட மூன்றே வயது மூத்தவர். மூலிகை மருந்தும் அடிமுறையும் கலந்த பயிற்சி. உயேச்சி தெருவில் மருந்து விற்றுப் பிழைத்துக்கொண்டு கற்றார். நம் வர்ம ஆசான்கள் வைத்தியர்களாகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எலும்பை உடைக்கத் தெரிந்தவனுக்குக் கட்டவும் தெரிய வேண்டுமே.

ஏறக்குறைய பத்தாண்டு கற்றபின் ஃபூஜியானிலேயே தனியாகக் கூடம் திறந்தார். அந்நிய ஊர்க்காரர் ஒருவர் சீனர்களுக்கே சீன அடிமுறை சொல்லித் தருவது லேசான காரியம் இல்லை. நன்றாகத்தான் நடந்தது. பிறகு அந்தச் சம்பவம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தகராறில் அவருடைய மாணவர் ஒருவர் இன்னொருவரை அடித்துக் கொன்றுவிட்டார். ஊர் ஆசானைப் பழித்தது. உயேச்சி கூடத்தை மூடினார். 1910 வாக்கில் ஒகினாவாவுக்குத் திரும்பினார். இனி யாருக்கும் சொல்லித் தர மாட்டேன் என்று முடிவெடுத்தார்.

மனிதர் சொன்னபடி செய்தார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். உழவு, கல்யாணம், குழந்தைகள். பதின்மூன்று ஆண்டு சீனாவில் இருந்தவர் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

ரகசியத்தை உடைத்தது எதிர்த்திசையில் பயணம் செய்த ஒருவர். நாஹாவில் தேயிலைக் கடை வைத்திருந்த ஃபூஜோக்காரர், கோ கென்கி என்று ஒகினாவாவில் அழைக்கப்பட்டவர். வெண்கொக்கு முறையில் தேர்ந்தவர். "இந்த ஊரில் உயேச்சி என்று ஒருவர் இருக்கிறாரே, அங்கே பெரிய ஆசான் ஆயிற்றே" என்று இவர்தான் போட்டுக்கொடுத்தாராம். ஊரார் கேட்டுப் பார்த்தார்கள். உயேச்சி அசையவில்லை. இதே தேயிலைக் கடைக்காரர்தான் மியாகி போன்ற ஒகினாவா ஆசான்களோடு பழகி அவர்களுக்கும் கொக்கின் கை அசைவுகளைக் காட்டியவர். கடைசியில் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொண்டு நாஹாவிலேயே இருந்துவிட்டார். சீனாவுக்குப் போனவர்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. வந்தவரைப் பற்றி சில வரிகள்தான்.

1924-இல் பிழைப்புக்காக உயேச்சி ஜப்பான் பெருநிலத்தில் வாகாயாமாவுக்குப் போய் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலைக் குடியிருப்பில் அண்டை வீட்டுக்காரர் தோமோயோசே ரியூயூ, இன்னொரு ஒகினாவா இளைஞர். இவருக்கு எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது. நேரடியாகக் கேட்டால் பலிக்காது என்று தெரிந்து, ஒரு தந்திரம் செய்தார். "நேற்று ஒருத்தன் இப்படிப் பிடித்தான், என்ன செய்வது?" என்று பேச்சுவாக்கில் கேட்பார். கிழவர் பொறுக்க முடியாமல் ஒன்றைக் காட்டுவார். அடுத்த நாள் வேறு ஒரு கேள்வி. இப்படிப் பல மாதம். ஒருநாள் எல்லாவற்றையும் போட்டு உடைத்து, முறையாகச் சொல்லித்தரக் கெஞ்சினார். 1926-இல் அந்தக் குடியிருப்பின் சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பு தொடங்கியது. பதினாறு ஆண்டுக்கும் மேற்பட்ட மௌனம் அத்தோடு முடிந்தது. அவர் கொண்டுவந்த முறைக்கு "பங்காய் நூன்", பாதி வன்மை பாதி மென்மை என்று பெயர். 1940-இல் சீடர்கள் அதை உயேச்சி-ரியூ என்று மாற்றினார்கள்.

அந்தப் பெயர் மாற்றத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. 1936 அக்டோபர் 25-ஆம் தேதி நாஹாவில் ஒரு கூட்டம் நடந்தது. உள்ளூர் நாளிதழ் ஏற்பாடு. மியாகி உட்படப் பெரிய ஆசான்கள் பலர் உட்கார்ந்து பேசினார்கள். பேசியது ஒரு எழுத்தைப் பற்றி. "கரா" என்ற ஒலியைச் சீனாவைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதலாம், வெறுமை என்பதைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதலாம். ஜப்பான் பெருநிலத்தில் சீனா என்ற சொல் யாருக்கும் பிடிக்காத காலம் அது. மஞ்சூரியா ஏற்கெனவே ஜப்பான் கையில். அடுத்த ஆண்டு முழுப்போர். இனி வெறுமை என்ற எழுத்தையே எழுதுவது என்ற பக்கம்தான் கூட்டம் சாய்ந்தது. சீனக் கை, வெறுங்கை ஆனது. 1905-லேயே இப்படி எழுதிய ஆசான் ஒருவர் உண்டு, தத்துவப் பொருளும் சொல்வார்கள். என்றாலும் 1936-இல் அதை உறுதியாக்கியது தத்துவம் மட்டும்தான் என்று நம்புவது கடினம். 2005-இல் ஒகினாவா மாநிலம் அந்தத் தேதியையே கராத்தே நாளாக அறிவித்தது.

கூட்டத்தில் இருந்த மியாகிக்கு உள்ளூர என்ன தோன்றியிருக்கும்? 1915-இல் அவரே தன் குருவின் குருவைத் தேடி ஃபூஜோவுக்குப் போனவர். பழைய கூடத்தைக் காணாமல் திரும்பியவர். தன் முறைக்கு அவர் வைத்த கோஜு-ரியூ (வன்மை, மென்மை) என்ற பெயரே, ஃபூஜியானிலிருந்து கையெழுத்துப் பிரதியாக வந்த "புபிஷி" என்ற ஏட்டின் ஒரு தொடரிலிருந்து எடுத்தது. 1984 படத்தில் வரும் கிழவர் மியாகிக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

இந்த இடத்தில் போதிதர்மரைப் பற்றி யாராவது கேட்பார்கள். 2011-இல் வந்த "7ஆம் அறிவு" படத்துக்குப் பிறகு, சீனர்களுக்கு அடிமுறை கற்றுக்கொடுத்ததே காஞ்சிபுரத்துக்காரர்தான் என்று நம்மவர்கள் பலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்தக் கதை ஒட்டிக்கொண்டிருப்பது "யீஜின் ஜிங்" என்ற ஏட்டில். அது 1624-ஐ ஒட்டி எழுதப்பட்டது, அதாவது போதிதர்மருக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின். அதன் முன்னுரைகள் போலி என்று தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளரே 1930-களில் காட்டிவிட்டார். ஒரு பக்கம் இருந்த சீனாவைப் பெயரிலிருந்து அழித்தார்கள். இன்னொரு பக்கம் இல்லாத குருவைப் பெயரில் சேர்த்தார்கள். யாரிடம் கற்றோம் என்பது எல்லா ஊரிலும் மானப் பிரச்சினைதான்.

1945 ஒகினாவாப் போரில் தீவின் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தனர். மியாகியின் குறிப்புகள் எரிந்தன, வாரிசாகக் கருதப்பட்ட ஷின்சாத்தோ ஜின்ஆனும் போரில் மாண்டார். அந்தப் பக்கம் சீனாவில் 1949-க்குப் பின் கலைகள் அரசின் மேடை விளையாட்டாக மாற்றப்பட்டன. 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சியில் பழைய ஆசான்கள் பலர் வாய்மூடி இருக்க வேண்டியதாயிற்று. 1972-இல் உறவு சீரானபின், 1981-இல் நாஹாவும் ஃபூஜோவும் சகோதர நகரங்கள் ஆயின. வெள்ளைச் சட்டை போட்ட ஒகினாவாக்காரர்கள் மறுபடி ஃபூஜோவில் இறங்கினார்கள். தங்கள் சான்சினை ஆடிக் காட்டி, "இது உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அச்சு அசலாக இல்லை. ஆனால் பெற்றோரைக் குழந்தையின் நடையில் அடையாளம் காண்பதுபோல், அங்கிருந்த கொக்கு ஆசான்களுக்கு அது தெரிந்தது. ஃபூஜியானில் அந்த அசைவுகள் விரித்த கையால் செய்யப்படுகின்றன. கோஜு-ரியூ சான்சினில் கை முஷ்டியாகிவிட்டது. உயேச்சி-ரியூவில் மட்டும் இன்றும் விரல்கள் விரித்தபடியே.

உயேச்சி கான்புன் போருக்குப் பின் ஒகினாவாவுக்குத் திரும்பி, 1948 நவம்பரில் இயேஜிமா என்ற சின்னத் தீவில் இறந்தார். அவர் ஃபூஜோவிலிருந்து கொண்டுவந்தவை மூன்றே கட்டாக்கள். சான்சின், செய்சான், சான்செய்ரியூ. பின்னிரண்டும் எண்களின் பெயர்: 13, 36. ஹிகாவோன்னா வழியில் இதற்கு மேலே இன்னொன்று உண்டு, சூபாரின்பேய். 108 என்று பொருள். அதைக் கற்பதற்குள் உயேச்சி கிளம்பிவிட்டார் என்று சொல்வார்கள். பின்னால் அவர் மகனும் சீடர்களும் இடையிடையே ஐந்து கட்டாக்களை அமைத்து எண்ணிக்கையை எட்டாக்கினார்கள். 108-ஐ யாரும் சேர்க்கவில்லை. உயேச்சி-ரியூவில் கடைசிப் பாடம் இன்றும் 36-தான்.